எழுதியவர் யாரோ... கூண்டில் நிற்பது யார்?

மலேசியாவில் ஐந்து கமென்ட்டுகளுக்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம். டெல்லியில் யாரோ போட்ட விளம்பரத்துக்காக நிறுவனத் தலைவர் கைது. கரூரில் வாட்ஸ்அப் குரூப் அட்மின் மீது வழக்கு. அடுத்தவர் எழுத்துக்கு இடம் கொடுப்பவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

2021 பிப்ரவரி 19. மலேசியாவின் உச்சபட்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், ‘மலேசியாகினி’ செய்தித் தளத்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் ரிங்கிட். நீதிபதிகள் விதித்ததோ 5 லட்சம். அன்றைய மதிப்பில் சுமார் 90 லட்சம் ரூபாய்.

அப்படி என்ன எழுதிவிட்டது மலேசியாகினி? கொரோனா முடக்கத்துக்குப் பிறகு ஜூலை 1 முதல் நீதிமன்றங்கள் முழுமையாக இயங்கும் என்ற செய்தியை 2020 ஜூன் 9 அன்று வெளியிட்டது, அவ்வளவுதான். அந்தச் செய்தியின் அடியில் ஐந்து வாசகர்கள் நீதித்துறையை வசைபாடி கமென்ட் போட்டிருந்தார்கள். போலீஸ் தொடர்புகொண்டதும் 12 நிமிடங்களில் ஐந்தையும் நீக்கினார்கள். ஆனாலும் வழக்கு வந்தது.

இதில் பெரிய பங்கு, 2012இல் மலேசிய சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவுக்கு. ஓர் இணையப் பக்கத்தின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் இருக்கிறாரோ, அவரே அதில் உள்ளதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கச் சொல்கிறது அது. ‘நான் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமையும் அவருடையதே. கெட்ட வார்த்தைகளை வடிகட்டும் மென்பொருள் வைத்திருக்கிறோம், யாராவது புகார் சொன்னால் பார்த்து நீக்குகிறோம் என்று மலேசியாகினி வாதாடியது. பெரும்பான்மை நீதிபதிகளுக்கு அது போதவில்லை. ஆசிரியர் குழு வைத்து நடத்தும் தளம், தன் பக்கத்தில் இருப்பது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அவர்கள் முடிவு. முதன்மை ஆசிரியர் ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார், நிறுவனம் சிக்கியது.

ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம் நிற்க, மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். அந்த கமென்ட்டுகள் இருப்பது தளத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று அவர் பார்த்தார். தெரியவில்லை, தெரிந்ததும் உடனே நீக்கியிருக்கிறது. அப்படியிருக்கக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது என்பது அவர் நிலை.

அபராதத்தைக் கட்ட வாசகர்களிடம் நிதி கேட்டது மலேசியாகினி. சில மணி நேரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லாத் தளங்களுக்கும் அப்படி வாசகர்கள் வாய்ப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து நடத்தும் உள்ளூர்ச் செய்தித் தளத்துக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்தால், மறுநாள் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அச்சிலிருந்து வந்த சட்டம்

பத்திரிகை உலகில் இந்தக் கேள்விக்கு விடை எப்போதோ முடிவாகிவிட்டது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களைப் போடவேண்டும் என்றது. இன்றும் எந்தத் தமிழ் வார இதழிலும் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பொடி எழுத்துகளைக் காணலாம். வாசகர் கடிதத்தில் அவதூறு இருந்தால், எழுதியவரோடு ஆசிரியரும் வெளியீட்டாளரும் நீதிமன்றப் படியேற வேண்டும். ‘கடிதங்களில் உள்ள கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்று அடியில் போட்டுக்கொள்வது மனநிம்மதிக்கு உதவுமே தவிர, வழக்கிலிருந்து காப்பாற்றாது.

அதில் நியாயம் உண்டு. வந்த கடிதங்களை உதவி ஆசிரியர் படிக்கிறார், சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறார், வெட்டிச் சுருக்குகிறார், தலைப்புப் போடுகிறார். அச்சேறும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கண்பட்டுத்தான் போகிறது. இணையம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அங்கே முதலில் வெளியாகிறது. பிறகுதான், யாராவது பார்த்தால் பார்க்கிறார்கள். அச்சுக் காலத்துச் சட்டத்தை அப்படியே இதன்மேல் வைத்தபோது சிக்கல் ஆரம்பித்தது.

அதன் விபரீதத்தை முதலில் அனுபவித்தது அமெரிக்கா. 1991இல் கம்ப்யூசர்வ் என்ற இணைய சேவை மீது அவதூறு வழக்கு. உள்ளே வருவதை நாங்கள் பார்ப்பதே இல்லை என்றது நிறுவனம்; தப்பித்தது. 1995இல் பிராடிஜி என்ற போட்டி நிறுவனம் மீது ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. குடும்பங்கள் வரும் இடமாயிற்றே என்று ஆபாச வார்த்தைகளை நீக்க ஆள் வைத்திருந்தது பிராடிஜி. நீக்குகிறாய் என்றால் நீ ஆசிரியர். ஆசிரியர் என்றால் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றது நியூயார்க் நீதிமன்றம். கண்ணை மூடிக்கொண்டவர் தப்பினார். கூட்டிப் பெருக்கியவர் மாட்டினார். வழக்குப் போட்ட ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட்தான் பின்னாளில் பங்கு மோசடியில் அம்பலமாகி, ‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படத்துக்குக் கதையானது என்பது தனி வேடிக்கை.

இந்தக் கோணலை நிமிர்த்த 1996இல் வந்ததுதான் புகழ்பெற்ற 230ஆம் பிரிவு. பயனர் எழுதியதற்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது. நல்லெண்ணத்தில் எதையாவது நீக்கினாலும் அதனால் பொறுப்பு வராது என்றது அது. கோணல் நிமிர்ந்தது; ஆனால் மறுபக்கமாக வளைந்தது. 1995இல் ஓக்லஹோமா குண்டுவெடிப்பைக் கிண்டல் செய்யும் பனியன்கள் விற்பதாக, சம்பந்தமே இல்லாத ஒருவரின் தொலைபேசி எண்ணைப் போட்டு யாரோ ஏஓஎல் தளத்தில் விளம்பரம் செய்தார்கள். கொலைமிரட்டல்கள் குவிந்தன. அவர் ஏஓஎல்லிடம் முறையிட்டும் போலி விளம்பரங்கள் மீண்டும் மீண்டும் முளைத்தன. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நிறுவனத்துக்குத் தகவல் தெரிந்தே இருந்தாலும் பொறுப்பில்லை.

ஆக, இரண்டு கோடிகள். தெரியாவிட்டாலும் தண்டிக்கும் மலேசியா ஒரு கோடி. தெரிந்தாலும் விட்டுவிடும் அமெரிக்கா மறுகோடி. இந்தியா எங்கே நிற்கிறது?

125 ரூபாய் விளம்பரமும் திகார் சிறையும்

2004 நவம்பர் 27. பாஸீ டாட் காம் என்ற ஏலத் தளத்தில், டெல்லிப் பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கக் காணொளி 125 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. விளம்பரம் போட்டவர் ஓர் ஐஐடி மாணவர். தளத்தின் வடிகட்டியில் சிக்காமலிருக்கப் புத்தகங்கள், இதழ்கள் பிரிவில் அதைச் சேர்த்திருந்தார். எட்டுப் பேர் வாங்கினார்கள். நவம்பர் 29 காலையில்தான் விளம்பரம் நீக்கப்பட்டது. டிசம்பர் 17 அன்று தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைதாகித் திகார் சிறைக்குப் போனார். சில நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

அப்போதிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு, ‘எனக்குத் தெரியாது’ அல்லது ‘எல்லா முயற்சியும் எடுத்தேன்’ என்று நிறுவனமே நிரூபித்தால்தான் காப்பாற்றும். 2008இல் நீதிபதி எஸ்.முரளிதர், பஜாஜ் மீதான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு மட்டும் நின்றது. நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் விசாரிக்க முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர் முழுதாக வெளியே வந்தார். கைதிலிருந்து ஏழாண்டுகளுக்கும் மேல்.

இந்தக் கைது, கணினித் துறையையே உலுக்கியது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் பெரிய விவாதமில்லாமல் சட்டத்தைத் திருத்தியது. 2009 அக்டோபர் 27 முதல் அது அமலுக்கு வந்தது. புதிய 79ஆம் பிரிவின் சாரம் இதுதான்: பதிவை நீ தொடங்கிவைக்கக் கூடாது, யாருக்குப் போகவேண்டும் என்று நீ தேர்ந்தெடுக்கக் கூடாது, உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது, உரிய கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும். சட்டவிரோதமானது இருப்பது உண்மையாகத் தெரியவந்தும் நீக்கவில்லை என்றால் காப்பு போய்விடும்.

‘உண்மையாகத் தெரியவருவது’ என்றால் எப்படி? யாரோ ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் தெரிந்ததாகுமா? 2011இல் வந்த விதிகள் ஏறக்குறைய அப்படித்தான் வைத்தன. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் எழுதிக் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. விளைவு எளிதில் ஊகிக்கக் கூடியது. வழக்குக்குப் பயந்த தளங்கள், நியாயமான விமர்சனத்தையும் சேர்த்தே நீக்கத் தொடங்கின.

இதை மாற்றியது 2015 மார்ச் 24 அன்று வந்த ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு. ஃபேஸ்புக் பதிவுக்காக மகாராஷ்டிரத்தில் இளம்பெண்கள் இருவர், ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் என வரிசையாகக் கைதுகளுக்கு வழிவிட்ட, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் ரத்து செய்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி, தளங்களுக்கு இன்னும் முக்கியமானது. தெரியவருவது என்றால் நீதிமன்ற உத்தரவு மூலமோ, உரிய அரசின் அறிவிக்கை மூலமோ தெரியவருவதுதான் என்றது அது. லட்சக்கணக்கில் வரும் கோரிக்கைகளில் எது நியாயம், எது இல்லை என்று தீர்மானிக்கும் நீதிபதி வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்க முடியாது என்பதே காரணம்.

ஆனால் பழைய வழக்குகளுக்கு இந்தக் காப்பு எட்டவில்லை. 2008இல் கூகுள் குரூப்ஸில் வந்த பதிவுகள் அவதூறு என்று விசாகா இண்டஸ்ட்ரீஸ் தொடுத்த வழக்கில், திருத்தத்துக்கு முந்தைய 79ஆம் பிரிவு அவதூறு வழக்கிலிருந்து காக்காது என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூகுளேயானாலும் விசாரணையைச் சந்தித்தாக வேண்டும்.

கரூர் குரூப்பும் மதுரைத் தீர்ப்பும்

பெரிய நிறுவனங்களின் கதையாக இருந்த இது, நம் கைபேசிக்குள் வந்தது வாட்ஸ்அப் குரூப்கள் வழியாக. தெருவுக்கு ஒரு குரூப், பள்ளி வகுப்புக்கு ஒரு குரூப், குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குரூப். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மின். யாரோ எதையோ போட, போலீஸ் முதலில் தட்டுவது அட்மின் வீட்டுக் கதவை.

‘கரூர் லாயர்ஸ்’ என்ற குரூப்பில், இரு சமூகத்தாரிடையே பகை மூட்டும் விதமாக ஓர் உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிவானது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அந்த மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டில் பாம்பே உயர் நீதிமன்றமும் இதே வழியில்தான் தீர்ப்பளித்திருந்தது. அட்மினால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். அடுத்தவர் என்ன டைப் செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. முன்பே பேசிவைத்துச் செய்தார்கள் என்றால் கதை வேறு.

ஆனால் ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது இந்த வரிசையில் சேராது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் மறுத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. இடம் கொடுப்பவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஃபார்வர்டு செய்பவர் தன் விரலால் தேர்ந்தெடுக்கிறார். இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கோடு இன்னும் கடுமையாக விழுந்தது. அங்குள்ள செய்தி நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கங்களில் பொதுமக்கள் போட்ட கமென்ட்டுகளுக்கு அந்த நிறுவனங்களே வெளியீட்டாளர்கள் என்று 2021 செப்டம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 5-2 என்று தீர்ப்பளித்தது. பக்கத்தைத் திறந்துவைத்து கமென்ட்டுக்கு வழிசெய்ததே போதும் என்றது. சில வாரங்களில் சிஎன்என், ஆஸ்திரேலியர்கள் தன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டது. எஸ்டோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித் தளம் வெறுப்பு கமென்ட்டுகளுக்காகக் கட்டிய இழப்பீடு 320 யூரோதான். ஆனால் அது சரியே என்று 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னதும், தளங்களின் பயம் தொகையைவிடப் பல மடங்கு பெரிதானது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது

இவ்வளவும் படித்துவிட்டு, தளங்கள் பாவம் என்று மட்டும் முடிவு கட்டினால் பாதி உண்மைதான் கையில் இருக்கும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். முன்னாள் நண்பர் எடுத்த அந்தரங்கக் காட்சிகள் அவருக்குத் தெரியாமல் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்க ஏற்பாடு செய்யுமாறு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். ஓரிடத்தில் நீக்கினால் இன்னோரிடத்தில் முளைத்தது. சட்டம் தெரிந்த ஒருவருக்கே இந்த அலைச்சல் என்றால், உத்தரவு வாங்க வக்கீல் பீஸ் கட்ட முடியாத கிராமத்துப் பெண்ணுக்கு ‘நீதிமன்றத்துக்குப் போய் வா’ என்பது எந்த வகை நியாயம்?

இதற்காகத்தான் 2021 பிப்ரவரி 25 விதிகள், அந்தரங்கப் படங்கள் குறித்துப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்று வைத்தன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்லின. தளம் தானாக எதையாவது நீக்கினால், அதனாலேயே காப்பு போய்விடாது என்றும் தெளிவுபடுத்தின. அமெரிக்க பிராடிஜிக்கு நேர்ந்தது இங்கே நேரக் கூடாது என்ற முன்யோசனை அது.

அதே விதிகள் செய்தித் தளங்களுக்கு ஒழுக்க நெறி வகுத்து, அதற்கு மேலே அரசின் கண்காணிப்பையும் வைத்தன. இதை எதிர்த்துப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பகுதிக்கு பாம்பே நீதிமன்றம் கொடுத்த தடை நாடு முழுவதும் செல்லும் என்று 2021 செப்டம்பரில் சென்னை சொன்னது. அரசு பற்றிய செய்தி பொய்யா, மெய்யா என்று அரசே முடிவு செய்யும் 2023 திருத்தத்தை, நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா தொடுத்த வழக்கில் பாம்பே நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. மறுபுறம், ‘சஹ்யோக்’ தளம் வழியாக அதிகாரிகள் நீக்கல் நோட்டீஸ் அனுப்புவதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே, இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ, டிஐஜி நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோதான் இப்படி நோட்டீஸ் அனுப்பலாம் என்று மத்திய அரசே விதியைத் திருத்தியது. அதுவரை அந்த வரையறைகூட இல்லை என்பதே எவ்வளவு தளர்வாக இந்த அதிகாரம் கிடந்தது என்பதைக் காட்டும்.

சுமை யார் தோளில்?

பொறுப்பு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. இரண்டு அளவுகோல்கள் இருந்தால் பெரும்பாலான வழக்குகள் தீர்ந்துவிடும். முதலாவது, தெரிந்ததா, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பது. இந்த அளவில் மலேசியாகினி தப்பியிருக்க வேண்டும். ஏஓஎல் மாட்டியிருக்க வேண்டும். நிர்வாண உடலோ, குழந்தையின் படமோ பார்த்த நொடியில் தவறென்று தெரியும். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை, பாதிக்கப்பட்டவர் சொன்னால் போதும். ஓர் அமைச்சரைப் பற்றிய குற்றச்சாட்டு அவதூறா, நியாயமான விமர்சனமா என்பது பார்த்தவுடன் தெரியாது. அதை நீதிபதி சொல்லவேண்டும், குற்றம் சாட்டப்படும் அரசின் அதிகாரி சொல்லக் கூடாது.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. யாருக்குப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்காதவருக்கே காப்பு என்கிறது 79ஆம் பிரிவு. எந்தப் பதிவு யார் திரையில் முதலில் வரவேண்டும், எதைப் பார்த்தவருக்கு அடுத்து எதைத் தள்ளவேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவு செய்யும் அல்காரிதம் செய்வது வேறென்ன? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் கூகுள் மீதான வழக்கில் இந்தக் கேள்வியின் வாசல் வரை போய், பதில் சொல்லாமல் திரும்பிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில், மிகப் பெரிய தளங்களுக்குத் தனிக் கடமைகளும் உலகளாவிய வருவாயில் 6 சதவீதம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. எழுத்துக்கு இடம் மட்டும் கொடுப்பவருக்கும், அதை ஊதிப் பரப்பி விளம்பரக் காசு பார்ப்பவருக்கும் ஒரே குடை பிடிக்கும் நம் சட்டம், இந்த வேறுபாட்டை இன்னும் எழுத்தில் கொண்டுவரவில்லை.

இன்றைக்கு நடப்பது நேர்மாறு. நோட்டீஸ் வந்தால், வக்கீல் படையோடு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கப் பெரிய நிறுவனத்தால் முடிகிறது. கமென்ட் பகுதியை மூடிவிட்டு ஒதுங்குவது சிறிய தளம்தான். அப்படி மூடப்படும் ஒவ்வொரு கமென்ட் பகுதியோடும் வாசகரின் உரையாடல், எந்த ஆசிரியரும் இல்லாத பெரிய தளங்களுக்குக் குடிபெயர்கிறது. அங்கே வசை குறைவதில்லை. பொறுப்பேற்க ஒரு முகவரிதான் இல்லாமல் போகிறது. நாடாளுமன்றம் அடுத்த முறை 79ஆம் பிரிவைத் திருத்தும்போது நீக்குவதற்கான கெடுவைக் குறைப்பதோடு நிற்காமல், பரப்புகிற அளவுக்குப் பொறுப்பு என்ற ஒரு வரியைச் சேர்க்கட்டும். அந்த ஒரு வரி, இதுவரை வந்த எல்லா விதிகளையும்விட அதிகம் சாதிக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்களைப் பற்றிய பதிவு என்றால், நீக்கச் சொல்வதற்கு முன் இணைப்பு, தேதி, நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நீக்கிய பிறகு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

* தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

* அந்தரங்கப் படம், காணொளி என்றால் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். தளத்துக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

* குரூப் அட்மினா? வம்பான பதிவைப் பார்த்ததும் நீக்குங்கள், போட்டவரை எச்சரியுங்கள், தொடர்ந்தால் வெளியேற்றுங்கள். நீங்கள் அதற்கு லைக் போடுவதும், இன்னொரு குரூப்புக்கு அனுப்புவதும் உங்கள் வழக்கைப் பலவீனமாக்கும்.

* சிறிய செய்தித் தளம் நடத்துகிறீர்களா? புகார் கொடுக்க ஒரு மின்னஞ்சல் முகவரியை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். புகார் எப்போது வந்தது, எப்போது நீக்கினீர்கள் என்ற குறிப்பேடுதான் நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.